கூடுதல் ஒரு மணி

ஊத்துக்கோட்டைப் பள்ளி, தேர்வறை மூன்று.
ஒரு மாணவி, ஒரு மேற்பார்வையாளர், நான்.
இன்று என் கைக்கு மட்டும்தான் வேலை.
கணக்கு டீச்சருக்குச் சமூக அறிவியலில் நாக்கு நீளாது என்று
பக்கத்து ஊரிலிருந்து
பார்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

நேற்றே ஒரு தாள் வந்துவிட்டது,
செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வரும்
சிறப்பாசிரியை தாட்சாயணியின் பச்சை மையில்:
கேள்வியை இரண்டு முறை வாசிக்கவும்.
மூன்றாம் முறை, அவள் கேட்டால்.
இடது தோளுக்குப் பின்னால் துண்டு மடித்து வைக்கவும்.
தண்ணீருக்கு ஸ்ட்ரா பையில் இருக்கிறது.
கண்ணை மூடினால் தூங்கவில்லை, தேடுகிறாள்.
வாக்கியத்தை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள்.

கடைசி வரி மட்டும் வேறு கை.
பென்சில், மேடும் பள்ளமுமாய்,
எழுத ஒரு பீரியட் முழுக்க ஆனதாம்:
‘அச்சோ’ சொல்லாதீங்க.

முனிலதா.
அப்பா சத்யவேட்டுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.
வீட்டில் தெலுங்கு, வகுப்பில் தமிழ்,
ஆட்டோவில் இரண்டும் இடித்துக்கொண்டு உட்காரும்.
செக்போஸ்ட் லாரி மாதிரி
ஒவ்வொரு சொல்லும் உதட்டருகே வந்து நின்று
காகிதம் காட்டிவிட்டுத்தான் வெளியே வருகிறது.

முதல் அரைமணியில் தப்புச் செய்தேன்.
‘ஜாலியன்’ என்றாள்.
என் பேனா அதற்குள்
‘வாலாபாக்’ போட்டுவிட்டது.
பார்த்துவிட்டாள்.
“அடிங்க.”
அடித்தேன்.
“வாலா…”
மின்விசிறி எத்தனை சுற்று சுற்றியதோ,
“…பாக்.”
அதே சொல்லை
அடித்ததன் பக்கத்திலேயே மறுபடி எழுதினேன்.

வண்டல் மண் எப்படி உருவாகிறது?
“ஏரு கொண்டாந்து போடுது.”

எனக்குப் புரிகிறது.
ஆரணி ஆறு கூப்பிடு தூரம்.
ஆனால் எங்கோ ஒரு மேசையில்
சிவப்புப் பேனாவோடு உட்காரப்போகிறவருக்கு
ஏரு என்றால் மாடு பூட்டுவது.
சொன்னதை எழுத வேண்டும், அவ்வளவுதான் விதி.
திருத்தினால் அது என் விடை,
திருத்தாவிட்டால் அவளுக்குப் பூஜ்யம்.
எழுதியதை வாசித்துக் காட்டலாம், அதற்குத் தடையில்லை.
வாசித்தேன். குரலை ஏற்றாமல், இறக்காமல்,
எந்தச் சொல்லிலும் நின்றுவிடாமல்.
அது எவ்வளவு கஷ்டம் என்று
இருபது வருஷத்தில் முதல்முறை தெரிந்தது.

கண்ணை மூடினாள்.
மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார்.
நான் பச்சை மையை நினைத்துக்கொண்டேன்.

“நதி,” என்றாள்.
“நதின்னு போடுங்க.
ரெண்டு பக்கமும் செல்லும்.”

ஒன்னேகாலுக்கு மணி.
மற்ற அறைகள் ஒரே மூச்சில் காலியாகின.
படிக்கட்டில் செருப்பு, விசில்,
ஐந்து மார்க்கில் என்ன எழுதினாய் என்ற சண்டை,
சைக்கிள் ஸ்டாண்டு சரிந்த சத்தம்.
பிறகு எங்கள் மூவருக்கும் உரிய
கூடுதல் ஒரு மணி.

என் விரல் இழுத்துக்கொண்டது. பேனா நழுவியது.
“உதறுங்க டீச்சர்,” என்றாள்,
“அவசரமில்ல.”
பதினைந்து வருஷமாய்த் தன் கையோடு
பழகியவள் சொல்கிறாள்.
உதறினேன்.

ஒன்று ஐம்பதுக்குக் கடைசி விடை.
வாசித்துக் காட்டினேன், சரி என்றாள்.
மேற்பார்வையாளர் நூலை எடுத்தார்.
“கட்டிடலாமாம்மா?”

“இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு.”
“திரும்பப் படிக்கணுமா?”
“வேணாம்.”
“வேற எதாவது சேர்க்கணுமா?”
“இல்ல சார்.”
“அப்புறம் என்னத்துக்கு?”

அவள் எதையோ தேடினாள்.
கிடைத்ததோ இல்லையோ, சொல்லவில்லை.
அந்த வாக்கியத்தை நானும் முடிக்கவில்லை.

அவர் எலுமிச்சை சாதத்தைத் திறந்தார்.
ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில்
ஆட்டோவில் ஒரு கால் வெளியே நீட்டி
அவள் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.
மூன்று பேரும்
ஒன்றும் செய்யாமல் இருந்தோம்.

இரண்டேகால் மணி அடித்தது.
“இப்ப கட்டுங்க,” என்றாள்.