வலது பூட்ஸ்

வில்யூய் ஆற்றங்கரையில் எங்கள் ஊர்
பனிக்கட்டி மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.
மண்வெட்டி இரண்டு முழம் போனால்
டங்கென்று திரும்பிவிடும்.
அதனால் தரைக்கு மேலே
குதிரைச் சாணம் கொட்டிப் பாத்தி.
அது புழுங்கும் சூட்டில் வேர்.

பழைய ஜன்னல்கள் இருபத்தேழு.
பள்ளிக்கூடத்தை இடித்தபோது
நுர்குன் லாரியில் ஏற்றி வந்தவை.
ஒரு கண்ணாடியில் இன்னும்
யாரோ சுரண்டிய பெருக்கல் கணக்கு;
விடை தப்பு.
அதன் வழியே விழும் வெயில்
சரியாகத்தான் விழுகிறது.

ஜூனில் இரவு கிடையாது.
தக்காளிக்குத் தூங்கத் தெரியவில்லை,
எனக்கும்.
வண்டு எட்டிப் பார்க்காத கண்ணாடி வீடு.
தேய்ந்த பல்துலக்கியால்
பூப்பூவாய்த் தட்டிவிடுகிறேன்,
மஞ்சள் தூள் மூக்கில் ஏறித் தும்மல்.
முலாம்பழம் ஒன்றே ஒன்று,
என் கிழிந்த நைலான் காலுறைதான் தூளி.
முஷ்டி அளவு.
கர்வம் மட்டும் பூசணி அளவு.

ஆகஸ்ட் பத்தொன்பது. வானொலி சொன்னது:
இன்றிரவு மைனஸ் நான்கு.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
பச்சையாகவே பறித்தேன் அத்தனையையும்.
வாளி நிறைந்தது,
தலையணை உறை நிறைந்தது,
முலாம்பழம் என்னோடு படுத்துக்கொண்டது.
மிச்சத்துக்கு
அலமாரியில் அவனுடைய கம்பளி பூட்ஸ்.

சுரங்க வேலை முடிந்து
அக்டோபரில் வந்தான்.
விறகு எடுக்கப் போகிற அவசரத்தில்
வலது காலை நுழைத்தான்.

சளக்.

கத்தவில்லை.
காலை மெதுவாக உருவி
விரலிடுக்கில் சிவந்திருந்ததை
வழித்து நக்கிப் பார்த்தான், அந்த மனுஷன்.
"உப்பு வேணும்" என்றான்.

இடது பூட்ஸை நீட்டினேன்.