பதினொரு நிமிடம், நாற்பது விநாடி

திலகர் திடல் ஞாயிற்றுச் சந்தையில்
முன்னூறு ரூபாய்க்கு வாங்கிய டேப் ரெக்கார்டரின்
வயிற்றுக்குள் கிடந்தது இந்த கேசட்.
ஓடுகிறதா என்று தட்டிப் பார்த்ததும்
விற்றவன் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான்,
உள்ளே வயர் எரிகிறதென்று.

மொத்தம் நான்கு பாட்டு.
பனி கொட்டும் ஏதோ ஒரு ஊரில்
தொண்ணூற்றிரண்டு பிப்ரவரியில்
யாரோ ஒருவனுடைய அப்பாவின் கார் ஷெட்டில் பதிந்ததாம்.
மடித்துச் செருகிய ஜெராக்ஸில்
எறும்பு சைஸ் எழுத்தில் வரிகள்.
டெத் மெட்டல் என்று பெயர் சொன்னான்
கீழ்வீட்டு ஷேக் மைதீன்.
டெத் என்றால் என் இலாகா.

பெரியாஸ்பத்திரி பிணவறை ஆபீசில்
இருபத்தாறு வருடமாக
டாக்டர்கள் சொல்லச் சொல்ல
அடித்துக்கொண்டிருக்கிறேன்.
ஆகவே எழுதலாம்.

முதல் பாட்டில் மூன்றாம் நாளே எலும்பு தெரிகிறது.
தம்பி, உன் ஊர்ப் பனியில்
மூன்று மாதமானாலும் முகம் அப்படியே இருக்கும்.
சித்திரை வெயிலில், வைகை மணலில்கூட,
நாய் வராதவரை
அவ்வளவு அவசரம் கிடையாது.
இரண்டாம் பாட்டில் கல்லீரலை
இடப்பக்கம் வைத்திருக்கிறாய்.
புழுக்களைப் பற்றிச் சொன்னது மட்டும் சரி.
உங்கள் கூட்டத்தில் ஒருவனாவது
தூண்டில் போடுகிறவனாக இருக்க வேண்டும்.

டிரம், பால் கேன் மூடி.
பேஸ் கிடார் உண்டென்று அட்டை சொல்கிறது,
காது சொல்லவில்லை.
மற்ற கிடார் இரண்டும்
ஆரப்பாளையம் மரவாடியில் ஈரக்கட்டை அறுக்கும்போது
கரண்ட் இறங்கி, முனகி,
மறுபடி ஏறுமே, அது.
இதைக் குறையென்று நான் எழுதவில்லை.
இரண்டு தரம் ரீவைண்ட் செய்தேன்.

குரல் வந்ததும் இருளப்பன்
ஈரக்கையோடு எட்டிப் பார்த்தான்.
என்னக்கா, உள்ள எவனும் முழிச்சுட்டானா?

மூன்றாம் பாட்டு முடிந்து நான்காவது தொடங்குமுன்
நான்கு விநாடி இருக்கிறது.
ஒரு நாற்காலி இழுபடுகிறது.
ஒருவன் இருமுகிறான். ஒருவன் சிரிக்கிறான்,
மீசை முளைக்காத சிரிப்பு.
சிரிப்பு முடியுமுன்பே அதே வாயிலிருந்து
அந்த உறுமல்.
வயது நிர்ணயம் என் வேலையில்லை,
இருந்தாலும்: பதினாறு. கூடினால் பதினேழு.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.
கேசட்டைத் திருப்பிப் போட்டேன்.

அங்கேயும் உறுமல். தமிழில்.
அழுகிய நகரமே எழு, எழு என்று
தொண்டை கிழிகிறது,
கூடவே எவர்சில்வர் வாளியில் கரண்டி,
பின்னால் சர்ச் மணி, ஆட்டோ,
ஒரு பெண் குரல்:
டேய் அமலா, பால்காரர் நிக்கிறாரு,
அந்த வாளியக் குடுத்துட்டு உறுமு.
க்ளக்.

லேபிளில் பால்பாயிண்ட் பேனா.
எம். அமலதாஸ், ஞானஒளிவுபுரம், 14.6.93.

பனிக்கார ஊரிலிருந்து அவனிடம் எப்படி வந்தது,
அவனிடமிருந்து சந்தைக்கு எப்படிப் போனது,
இதற்கெல்லாம் எங்கள் படிவத்தில் கட்டமில்லை.

மறுநாள் பழைய பதிவேடுகளை இறக்கினேன்.
செய்யக்கூடாதுதான்.
தொண்ணூற்று மூன்று ஜூனிலிருந்து,
தூசியில் தும்மித் தும்மி,
மதியச் சாப்பாட்டை மூன்று நாள் விட்டு.
இரண்டு அமலதாஸ் வந்திருக்கிறார்கள்.
ஒருவருக்கு எழுபத்தொன்று, மேலூர் ரோடு, லாரி.
இன்னொருவருக்கு இனிஷியல் ஜே.
எம் இல்லை.
எங்கள் கட்டடத்துக்கு வரவில்லை,
நான் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

ஏ பக்கம்: பத்துக்கு ஆறரை.
ஏழு போட்டிருப்பேன், கல்லீரல் கெடுத்தது.
பி பக்கம்: முடிவு ஒத்திவைக்கப்படுகிறது.
வாளி பாதியில் பறிமுதல்.

இப்போது மணி நாலு.
இருளப்பன் தரை கழுவுகிறான்.
அவன் வாளியை நகர்த்தும்போதெல்லாம்
கீபோர்டிலிருந்து என் கை எழுந்துவிடுகிறது.