வக்காலத்து

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு
சத்துவாச்சாரி கோர்ட் படியில் பிடித்தார்கள்.
நேரம் பார்த்தவன் யாரோ கணக்குத் தெரிந்தவன்:
நடுவில் சனி, ஞாயிறு. திங்கள் காலை வழக்கு.
எப்சிபா மேடம் கறுப்புக் கோட்டைக் கழற்றி
என் கையில் கொடுத்தார்.
"இதோடு வேனில் ஏற மாட்டேன், துளசிங்கம்."

அரசுப் பணியைத் தடுத்தாராம்.
புதன்கிழமை கன்னிகோயில் மேட்டில்
மஞ்சள் பொக்லைனுக்கு முன்னால்
தடை கேட்டுப் போட்ட மனுவின் நகலை
இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றது, அதுதான்.

நீர்நிலைப் புறம்போக்கு என்கிறது நோட்டீஸ்.
பாலாற்றில் தண்ணீர் வந்த வருடங்கள்
என் ஒரு கை விரலுக்குள் அடங்கும்.
மணல் போன வருடங்களை
லாரிகளிடம்தான் கேட்க வேண்டும்.

கட்டுகளையும் எடுத்துப் போய்விட்டார்கள், சாட்சியமாம்.
அறுபத்து மூன்று வக்காலத்து,
பாதிக்கு மேல் கைநாட்டு.
ஒவ்வொரு கட்டைவிரலையும் பிடித்து உருட்டியவன் நான்.
தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர்களுக்கு
ரேகை விழாது. வெறும் நீலத் தீற்றல்.
அதன் கீழும் எழுதினேன்:
இன்னார் இடது பெருவிரல் ரேகை.

சனிக்கிழமை, தொரப்பாடி.
முதல்முறையாக அவர் கட்சிக்காரர் இடத்தில் கையெழுத்துப் போட்டார்.
ஜாமீன் மனுவைப் படித்தார்.
தன் பெயரில் இருந்த எழுத்துப்பிழையைத் தாண்டிப் போய்
சர்வே எண்ணில் நின்றார்.
"இரண்டு இல்லை, இரண்டு பி.
அந்த பி-யில்தானே வீடெல்லாம் இருக்கிறது."
சிரித்தாரா தெரியவில்லை.
கம்பி வலை நெருக்கமானது.

ஞாயிறு என் வீட்டு வாசலில் கிளியம்மாள்,
அவளுக்குப் பின்னால் பாதித் தெரு.
"வக்கீலம்மா பேப்பர்ல நாங்களும் வெக்கறோம் கைநாட்டு.
எங்களுக்கோசரம் அவங்க நின்னாங்க இல்ல?"
சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றேன்.
சொல்லிக்கொண்டே மைப்பெட்டியைத் தேடினேன்.
காய்ந்திருந்தது.
சொம்பிலிருந்து நாலு சொட்டு விட்டாள்.

திங்கள்.
ஜாமீன் வக்கீல் வேறு ஹாலில் மாட்டிக்கொண்டார்.
டவாலி எண்ணைக் கூப்பிட்டான், மூன்று முறை.
குமாஸ்தா பேசக் கூடாது.
இருபத்தெட்டு வருடமாய்ப் பேசியதில்லை.
எழுந்து நின்றேன், கோட்டு மடிப்போடு கையில்,
விரலெல்லாம் நீலம்.
"அய்யா" என்றேன்.
அதற்கு மேல் எனக்குப் பழக்கமில்லை.