முத்திரை எண்

படுத்திருக்கிறேன். கூரையில் எட்டு விளக்குகள்,
ஒன்று விட்டு விட்டு இமைக்கிறது.
இதயம்வரை போன கம்பி
வேலையை முடித்துக்கொண்டு திரும்பிவிட்டது.
மிச்சம், அது நுழைந்த வாசல்:
வலது தொடை இடுக்கில், தமனிச் சுவரில்,
பென்சில் கூர் அளவுக்கு ஒரு துளை.

"கையால் அழுத்தினால் அரை மணி நேரம்.
இல்லையென்றால் இந்தக் கருவி. சூட்டால் ஒட்டும்.
இன்னும் சோதனையில்தான் இருக்கிறது.
நேற்றே கையெழுத்துப் போட்டீர்களே" என்றார் டாக்டர் துனின்.
போட்டேன். படிக்காமல் போட்டேன்.
சூடு என்ற சொல் இப்போதுதான் காதில் விழுகிறது.

எவ்வளவு சூடு?
"அறுபத்தைந்து, மிஞ்சினால் எழுபது டிகிரி."
சிரித்துவிட்டேன்.
"அசையாதீர்கள்" என்று தோளைப் பிடித்தாள் நர்ஸ் போஜெனா.
அம்மணி, கிடினியா கப்பல் தளத்தில்
நாற்பத்தோரு வருடம் வெல்டர் நான்.
ஆயிரத்தைந்நூறுக்குக் கீழே
எதனோடும் எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.
அறுபத்தைந்தில் எங்கள் வீட்டு பீட்ரூட் சூப்பையே
ஆறிப்போனது என்று திருப்பி அனுப்புவோம்.

"இரும்பு உருகினால்தான் சேரும்.
சதை உருகக் கூடாது.
சுவரில் உள்ள நார்கள் சுருங்கி
ஒன்றை ஒன்று பற்றிக்கொண்டால் போதும்.
கொஞ்சம் கூடினால் கருகிவிடும்.
கருகியது கருவியோடு ஒட்டி, பிய்ந்து வந்துவிடும்."

சிரிப்பு அங்கே நின்றது.
அந்த ஒட்டல் எனக்குத் தெரியும்.
ஈரக் குச்சி தகட்டில் சிக்க, நான் வெடுக்கென்று பிடுங்க,
கடுகளவு ஓட்டை கட்டைவிரல் அளவாகி
ஒரு டீசல் தொட்டியே ஒழுகியது.
சம்பளத்தில் பிடித்தார்கள். மூன்று மாதம்.

"எடுக்கும்போது அவசரம் வேண்டாம்" என்றேன்.
"ஆற விடுங்கள்."
யாரும் பதில் சொல்லவில்லை.
முகமூடிக்கு மேலே டாக்டரின் கண்கள் மட்டும்
ஒருமுறை என் பக்கம் வந்து போயின.
பட்டறையில் அந்தப் பார்வைக்கு ஓர் அர்த்தம் உண்டு:
உனக்கும் கை பொசுங்கியிருக்கிறது.

போஜெனா எண்ணினாள்.
ஒன்று. பொறி பறக்கவில்லை.
இரண்டு. புகை இல்லை.
மூன்று. பழக்கம், கறுப்புக் கண்ணாடியைத் தேடுகிறது என் கை.
நான்கு.
தொடைக்குள் யாரோ தேநீர்க் கோப்பையை
வைத்துவிட்டு மறந்தாற்போல.

"நிறுத்தியாயிற்று" என்றார் டாக்டர்.
எடுக்கவில்லை.
நின்றார்.
பால்டிக் காற்று எங்கோ ஒரு தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது.
அதை முழுதாகக் கேட்டோம் மூவரும்.
பிறகு எடுத்தார்.

அடுத்து எக்ஸ்ரே. எங்கள் தளத்திலும் இதே வழக்கம்தான்.
ஒவ்வொரு பற்றையும் படம் பிடித்துப் புரை தேடுவார்கள்,
அந்த மதியங்களில் ரொட்டி தொண்டையில் இறங்காது.
திரையில் சாயம் கறுப்பாய் ஓடுகிறது
இடுப்பிலிருந்து முழங்காலை நோக்கி.
அந்த இடத்தில் சற்றே நெளிந்து,
தயங்கி,
தாண்டிவிட்டது. கசிவில்லை.
"தேறியது" என்றேன், என்னை யாரும் கேட்காமலே.

ஒரு குறை மட்டும்.
பற்றுக்குப் பக்கத்தில், பற்றவைத்தவன்
தன் எண்ணை அடித்துப் பதிக்க வேண்டும்.
என்னுடையது முந்நூற்றுப் பதினேழு.
எந்தெந்தக் கடலிலோ நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது.
உடைந்தால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டாமா?
"உங்கள் எண் என்ன, டாக்டர்?"

புரியவில்லை அவருக்கு. பிறகு புரிந்தது.
தோலில் குறியிடும் ஊதாப் பேனாவை வாங்கி
கட்டுக்குக் கீழே, என் தொடையில்,
தன் பதிவு எண்ணை எழுதினார். ஏழு இலக்கம்.
எழுதும்போது கூசியது. சொல்லவில்லை.

இரவில் இருமல் வந்தது.
கை தானாகப் போய் அங்கே அழுத்திக்கொண்டது.
உலர்ந்திருந்தது கட்டு.
வியர்வையில் கடைசி இரண்டு இலக்கங்கள் கரைந்திருந்தன.
போஜெனாவிடம் பேனா கேட்டு நானே நிரப்பினேன்.

ஐந்தா எட்டா என்பதில்தான் சின்னச் சந்தேகம்.