நாற்பத்தொரு கிராம்

காற்று முதலில் வந்தது, பிறகு அவள்.
புந்தா அரேனாஸில் எல்லோரும் அப்படித்தான் கடைக்குள் நுழைகிறோம்.
துறைமுகத்தில் நண்டுப்பெட்டி எண்ணுகிற இவ்கா.
பேசாமல் கோட்டுப் பையை வெளியே இழுத்துக் காட்டினாள்:
அடியில் ஓட்டை,
மூன்று முறை தைத்த தடம்.
"இதுதான் தின்றது"
பழைய கத்தியை மேசையில் போட்டாள்.
பித்தளைப் பிடி. இருநூற்றுச் சொச்சம் கிராம்.
மாடு உரிக்கலாம்.
அவளிடம் மாடு இல்லை.

போன வாரம் என்னவெல்லாம் வெட்டினாய்?
வருகிற எல்லோரிடமும் கேட்பேன்.
காடு என்பார்கள், கரடி என்பார்கள்.
இந்தப் பக்கம் கரடியே கிடையாது.
அவள் யோசித்து விரல் மடக்கினாள்:
நைலான் கயிறு.
நைலான் கயிறு.
பாதி ஆப்பிள்.
மகன் கழுத்தில் உறுத்திய சட்டைச் சீட்டு.
ஆஸ்பத்திரியில் என் மணிக்கட்டில் மாட்டிவிட்ட பிளாஸ்டிக் பட்டை.
கை மூடிவிட்டது.
நானும் மேலே கேட்கவில்லை.

பச்சைத் துணி விரித்து ஆறு கத்தி வைத்தேன்.
ஒன்று திறக்க இரண்டு கை கேட்டது, தள்ளினாள்;
ஒரு கையில் எப்போதும் பெட்டி.
ஒன்று பொத்தானைத் தொட்டதும் பாய்ந்தது.
"பூனை வளர்க்க வரவில்லை."
மற்றவற்றைக் கையுறை கழற்றாமலே
திறந்தாள், மூடினாள்,
பூட்டு விழும் சத்தத்தைக் காதோரம் வைத்துக் கேட்டாள்,
தர்பூசணி வாங்குகிறவள் மாதிரி.

கடைசியில் சாம்பல் நிறத்தில், சுண்டுவிரல் நீளத்தில் ஒன்று.
திருகாணி நிறுக்கும் சின்னத் தராசில்
எண்கள் கொஞ்சம் நடுங்கி
நாற்பத்தொன்றில் நின்றன.
இருவரும் குனிந்து பார்த்தோம்.

பணம் கொடுத்துவிட்டுப் போனாள்.
சன்னலில் தெரிகிறாள்:
காற்றுக்காகத் தெருமுனையில் கட்டிய கயிற்றை
ஒரு கையால் பிடித்தபடி
மறு கையால் பையைத் தட்டுகிறாள்.
நாலடி நடக்கிறாள். தட்டுகிறாள்.
இருக்கிறதா.
இருக்கிறது.
இருக்கிறதா.

இருபது நிமிடத்தில் திரும்பி வந்தாள்.
மாற்றித் தரவா?
"வேண்டாம். நல்ல கத்தி. இருப்பதே தெரியவில்லை."
அதைத்தானே கேட்டாய்.
"அதைத்தான் கேட்டேன்."

கல்லாப் பக்கம் கிடந்த துருப்பிடித்த நட்டு ஒன்றை எடுத்தாள்,
சட்டைப் பையிலிருந்து ஆரஞ்சு வலைநூல் உருவினாள்,
கோத்து, கத்தியின் வாலில் முடிச்சிட்டாள்.
மீந்த நூலை வெட்ட அதே கத்தியைத் திறந்தாள்.
பையில் போட்டுக் குதித்துப் பார்த்தாள்.
இடுப்பில் மெல்ல இடித்திருக்க வேண்டும்,
முகம் தளர்ந்தது.

நட்டுக்கு எவ்வளவு, என்றாள்.
பதினொரு கிராம், என்றேன்.