நூற்று முப்பத்தொன்று

பகாவில் மூடிக்கிடந்த தோட்டக் கிளினிக்கை
இரண்டு வாரத்துக்குத் திறந்து தந்தார்கள்.
டிரெசரின் மேசைமேல் என் மடிக்கணினி.
அலமாரியில் உறைந்துபோன ஊதா மருந்து அரைப் போத்தல்.

குணாளன் சட்டையைக் கழற்றினார்.
மயிரைச் சிரைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து
வலத்தோளில் ஐந்து, இடத்தோளில் நான்கு
மின்முனைகள் ஒட்டினேன்.
"புழு விழுந்த செம்பனைக்கு
ஓட்டை போட்டு ஊசி ஏத்துவோம், அதே மாதிரி இருக்கு"
என்றார்.

முதலில் உச்சம் வேண்டும்.
சுவரில் மாட்டிய வாரை ஐந்து விநாடி
முழு பலத்தோடு இழுங்கள்.
இதுதான் நூறு. இனி வருகிற எல்லாவற்றையும்
இதனால்தான் வகுப்பேன்.
இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது.
நூறு என்று எழுதிக்கொண்டேன்.

பிறகு பதினேழாம் நம்பர் காடு.
நாற்பதடிக் கம்பு, நுனியில் அரிவாள்,
அவர் இடுப்பில் என் பெட்டி, பச்சை விளக்கு சிமிட்டியபடி.
குலை விழும் ஒவ்வொரு முறையும்
மண் வழியாக என் காலுக்கு வந்தது.

இரவு, லோரிகள் போகும் சாலையோர ஓட்டலில்
தோளைத் திரும்பக் கட்டினேன்:
எலும்புக்குக் குச்சி, தசைக்குக் கயிறு,
தேநீர்த் தட்டில் எலுமிச்சம்பழம் நிற்பதுபோல்
ஒரு மூட்டு.
அசைவை மட்டும் கொடுத்தால்
மாதிரி தானே பங்கு பிரிக்கும்,
எந்தத் தசைக்கு எவ்வளவு என்று.
உடம்பு மகா கஞ்சன் என்பது அதன் நம்பிக்கை.
ஒன்று இழுத்தால் போதுமென்றால்
எதிர்த்தசையைத் தூங்க விட்டுவிடும்.

தோலுக்கடியிலிருந்து வந்த அலைகளோ
வேறு கணக்கு சொல்லின.

(இடப்பக்கம் இதயமும் குறுக்கே பேசியது.
முப்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டினேன்.
இந்த வேலையில் இதயம் இரைச்சல்.)

ஏழாவது மரத்தில்
மாதிரி தட்டையாய்க் கோடு போட்ட இடத்தில்
எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றது.
முன்னும் பின்னும், இழுப்பதும் தடுப்பதும்.
நூற்று முப்பத்தொன்று விழுக்காடு.
கம்பி அவிழ்ந்ததா, வியர்வை புகுந்ததா என்று
மூன்று முறை பார்த்தேன்.
காணொளியைப் பின்னால் ஓட்டினேன்.

அரிவாள் காம்பில் பாதி இறங்கியிருக்கிறது.
கம்பு வில்லாய் வளைந்திருக்கிறது.
அடிமரத்தில் சைஃபுல், லொம்போக்கிலிருந்து வந்த பையன்,
உதிரிப்பழம் பொறுக்கக் குனிந்திருக்கிறான்.
இரண்டே கால் விநாடி
எதுவும் அசையவில்லை.
அவன் நகர்ந்த பிறகு குலை விழுகிறது.

அசையாததற்கு அசைவுக்கணக்கில் கூலி கிடையாது.
டன் கணக்கிலும் கிடையாது.

மறுநாள் கேட்டேன்:
"சுவத்துல நூறு குடுத்தீங்க,
காட்டுல எப்படி நூத்திமுப்பது?"
வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்:
"மத்தியானம் எண்பது குலை பாக்கிம்மா.
சுவத்துக்குப் போயி முழுசா குடுப்பேனா?"

வகுக்கும் எண்ணை மாற்றினேன்.
ஏழாவது மரம் நூறு ஆயிற்று.
சுவர் எழுபத்தாறுக்கு இறங்கியது.
கோலாலம்பூரில் பேராசிரியர் இதை ஒப்புவாரா தெரியாது,
குறிப்பில் சைஃபுல் பெயரை எங்கே எழுதுவதென்றும் தெரியாது.

"ராத்திரி வலப்பக்கம் படுத்தா
உள்ளே ஒண்ணு கடக்குனு சொல்லுது,
அது உங்க பெட்டியில விழுந்துச்சா?"

விழவில்லை. அது எலும்புக்கடியில் இருக்கிற தசை.
மேலே ஒட்டுவதற்குக் கேட்காது.
உள்ளே கம்பி விட வேண்டும்,
அதற்கு நான் அனுமதி வாங்கவில்லை.

"சரி விடுங்க" என்றார்.
பிசினை உரித்தேன்.
வெயில் கறுத்த தோளில் ஒன்பது வெளிறிய வட்டங்கள்.
மேலே சட்டையைப் போட்டுக்கொண்டு
கம்பை இடத்தோளுக்கு மாற்றிப் போனார்.