ஹார்ன் செத்துப்போன வாரம்

எங்கள் வீட்டில் மோட்டார் ஒன்றுதான்.
ஏழு மணிக்கு அப்பா அதில் வருவார்,
செம்பனை ஆலை கேட்டில் இரவெல்லாம் விழித்த கண்ணோடு.
ஏழேகாலுக்கு நான் ஏறுவேன்.
சீட் இன்னும் சூடாக இருக்கும்.
அந்தச் சூட்டில்தான் இரண்டு செமஸ்டர் படித்திருக்கிறேன்.

பின்னால் தர்வின்.
என்னைவிட ஒரு வயது இளையவன்,
ஐந்தாம் படிவத்தோடு நிறுத்திக்கொண்டவன்.
பகாவ் பட்டணத்து டயர் கடை வாசலில் இறங்கி
ஹெல்மெட்டை என் மடியில் போட்டுவிட்டுப் போவான்.
ரோட்டெக்ஸ் அவன் காசு.
அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான்.

அம்மா அதற்குள் கம்பெனி பஸ்ஸில் பாதி தூரம்.
நாள் முழுக்கக் கையுறை எண்ணுகிறவள்
வீட்டுக்கு வந்து
வெறுங்கையால் மிளகாய் நறுக்குகிறாள்.

செம்மண் பாதை தார்ச்சாலையில் சேரும் முடக்கில்
முனியாண்டி இருக்கிறார்.
சிங்க் கூரை, பெரிய மீசை,
யாரோ வைத்த சுருட்டு மழையில் ஊறியபடி.
கடக்கிற வண்டியெல்லாம் இரண்டு ஹார்ன் அடிக்கும்.
குலை ஏற்றும் லாரிக்கார ஆ லியோங்கூட அடிப்பார்.
எங்கள் வீட்டுச் சாமி கும்பிடுதல் அவ்வளவுதான்:
பீப், பீப்.
வேண்டுதல் இருந்தால் கொஞ்சம் நீளமாக.

போன மாத மழையில் ஹார்ன் செத்துப்போனது.
திங்கட்கிழமை, முடக்கில்
விரல் அழுத்தியது, சத்தம் வரவில்லை.
என்ன செய்வதென்று தெரியாமல்
வேகத்தைக் குறைத்து வாயால் சொன்னேன்:
"நான்தான்."
தர்வின் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது.
செவ்வாய்க்கிழமை அவனும் சொன்னான்:
"நானும்தான்."

கல்லூரியில் என்சிக் ரஸ்லான்
வருகைப் பதிவை முழுசாகத்தான் வாசிப்பார்.
"ஹேமலோஷினி ஏ பி அர்ஜுனன்."
என் பெயரில் இடறும் நாக்கு
அப்பா பெயரில் நேராகிவிடும்.
அந்நேரம் அப்பா கைலியோடு
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருப்பார்.
மின்னியல் வகுப்பில் தினமும் அவரைக் கூப்பிடுகிறார்கள்.
"ஹாடிர்" என்கிறேன்,
இரண்டு பேருக்கும் சேர்த்து.

இலக்கு எழுதச் சொன்ன தாளில்
சார்ஜ்மேன் லைசென்ஸ் என்று எழுதினேன்.
எழுதாமல் விட்டது:
இன்னொரு மோட்டார், பழசானாலும் சரி,
தர்வின் முன்னால் உட்கார.

"மெக்கானிக்கிடம் விடலாம்பா."
"வீட்டில் ஆள் படிக்குதே" என்றார் அப்பா.
கிண்டலா, நம்பிக்கையா,
அவர் முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

லேபில் மீட்டரை இரவல் கேட்டு வந்தேன்.
ஞாயிற்றுக்கிழமை விளக்கு மூடியைக் கழற்றினேன்.
பேட்டரியில் பன்னிரண்டு வோல்ட்.
ஸ்விட்சில் பன்னிரண்டு.
ஹார்னில் பூஜ்யம்.
நடுவில் எங்கேயோ.
தேர்வில் இதே கேள்வியைத் தப்பாக எழுதியவள் நான்.
ஹேண்டிலின் கழுத்தடியில்
ஒரு வயர் பச்சை பூத்துக் கிடந்தது.
வெட்டி, சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றினேன்.
கேட்காமலே தர்வின் டார்ச் பிடித்தான்.

பீப்.

லயத்தில் இரண்டு நாய் குரைத்தது.
தூங்கிய அப்பா பதறி வெளியே வந்தார்.
வயரைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.
"பில் எவ்வளவு?"
இத்தனை வருஷம் போட்ட சோற்றில் கழித்துக்கொள்ளுங்கள்
என்று சொல்ல வந்தது
தொண்டையிலேயே நின்றுவிட்டது.
"அஞ்சு வெள்ளி" என்றேன்.
நிஜமாகவே கொடுத்துவிட்டார்,
நாலாய் மடித்திருந்த ஐந்து வெள்ளி.
சாயங்காலம் அதைத் தாங்கியில் ஊற்றினேன்,
அவர் வேலைக்குக் கிளம்புமுன்.

திங்கட்கிழமை. முடக்கு.
ஹார்ன் பிழைத்தது மறந்துபோய்
வேகத்தைக் குறைத்தேன்.
"நான்தான்."
பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்து,
நகக்கண்ணில் டயர்க் கருப்போடு,
இரண்டு முறை அழுத்தியது.